பெட்டி பிரிக்காத பொம்மைகள்

"தம்பி, அங்கே போனதும் முதல் காரியமாக அவனுக்குப் புத்தி சொல்லு. வீடு நிறையப் பொம்மைகளை அடுக்கி வைத்திருக்கிறானாம். அந்த வீட்டுக்கு மலக்குமார்கள் எப்படி வருவார்கள்?"

சென்ற ஆண்டு ரமலானில் தராவீஹ் தொழ வைப்பதற்காக நான் அமெரிக்காவின் நியூஜெர்ஸிக்குப் புறப்பட்டபோது என் ராத்தா இட்ட கட்டளை இது. ராத்தாவின் மகன் அங்கே மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். ஐவேளைத் தொழுகையில் பேணுதல் உள்ளவர். கொடுக்கல் வாங்கலில் சுத்தமானவர். அப்படிப்பட்டவர் வீட்டில் பொம்மைகளா என்று எனக்கும் மனம் ஒப்பவில்லை.

நோன்பு முடிந்து ஷவ்வால் பிறந்த பின் ஒரு சனிக்கிழமை காலையில் மருமகன் என்னிடம், "மாமா, உம்மா உங்களிடம் என்ன சொல்லியனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை என்னோடு வந்து பாருங்கள். பார்த்த பிறகு எதுவானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்" என்றார். ஒரு பொருளைச் சரியாக விளங்கிக்கொண்ட பிறகே அதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு ஓதித் தந்த உஸ்தாதுமார்கள் கற்பித்திருக்கிறார்கள். ஆகவே போனேன்.

நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல் ஒன்றில் நம் ஊர்க் கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கூடம். உள்ளே வரிசை வரிசையாக மேஜைகள். மேஜை கொள்ளாத பொம்மைகள். தலைப்பாகையும் ஜிப்பாவுமாக நுழைகிறோமே, யாராவது முறைப்பார்களோ என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் விண்வெளிக் கவசமும் பட்டாள உடுப்பும் அணிந்து வேஷங்கட்டியவர்கள் பலர் அங்கே நடமாடிக்கொண்டிருந்ததால் என்னை எவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு சிறுவன் மட்டும், நான் எந்தக் கதையில் வருகிற ஆள் என்று மருமகனிடம் கேட்டானாம்!

அந்தச் சிறுவனைப் போன்றவர்கள் அங்கே ஐந்தாறு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் 50, 60 வயதைத் தொட்ட ஆண்கள். நரைத்த தாடியோடு பேரன் பேத்தி எடுத்த மனிதர்கள், உள்ளங்கை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியைத் தேடி மேஜை மேஜையாக அலைந்துகொண்டிருந்தார்கள்.

வரலாற்றைச் சிறிது சொன்னால்தான் வாசகர்களுக்கு விஷயம் விளங்கும். 1964-ல் ஹாஸ்ப்ரோ என்னும் நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற பெயரில் ஒரு பட்டாள வீரன் பொம்மையை வெளியிட்டது. ஏறத்தாழ ஓரடி உயரம்; தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று அசையக்கூடிய பாகங்கள் 21. அந்த நாட்டில் ஆண் பிள்ளை பொம்மை வைத்து விளையாடுவதைத் தகப்பன்மார்கள் இழிவாக நினைப்பார்கள் என்று அஞ்சிய நிறுவனத்தார், 'பொம்மை' என்ற சொல்லையே யாரும் சொல்லக்கூடாது என்று தடுத்து, 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். வெறும் மனித உருவத்துக்கு எவரும் தனியுரிமை கேட்க முடியாதல்லவா? அதனால் அடையாளத்துக்காக வலது கன்னத்தில் ஒரு தழும்பு வைத்தார்கள். வலது கைக் கட்டைவிரலில் நகம் தப்பான பக்கத்தில் அமைந்துவிட்டது. அந்தப் பிழையையும் திருத்தாமல் ஓர் அடையாளமாகவே விட்டுவைத்தார்கள். மருமகன் அந்த விரலைத் திருப்பிக் காட்டியபோது, 'படைக்கிறவன் ஒருவன்தான். மனிதன் முயன்றால் நகம்கூட இடம் மாறிப் போகிறது' என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

வியட்நாம் யுத்தத்தின் மீது அங்குள்ள மக்களுக்கு வெறுப்பு வளரவே, 1970-ல் இந்தப் பட்டாளக்காரனைச் சாகசப் பயணி ஆக்கினார்கள். 1973-ல் எண்ணெய் விலை ஏறியதால் பிளாஸ்டிக் விலையும் ஏறி, 1976-ல் ஓரடிப் பொம்மை நின்றது. 1982-ல் நான்கு அங்குலத்துக்கும் குறைந்த உயரத்தில் மறுபடி வந்தது.

பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடுமா? இந்தக் கேள்வி அந்த நாட்டு நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. பொம்மைக்கு ஒரு சுங்கவரி, மற்ற விளையாட்டுச் சாமான்களுக்கு வேறு வரி. ஆகவே 'ஜி.ஐ. ஜோ பொம்மையல்ல' என்று ஹாஸ்ப்ரோ வழக்காடியது. 'பொம்மைதான்' என்று 1989-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பிறகு 2003-ல் வேறொரு நிறுவனத்தின் வழக்கில், எக்ஸ்-மென் கதையில் வருபவர்கள் முழு மனிதர்களல்லர், ஆகவே அவை பொம்மை என்ற வகையில் சேரா என்று வர்த்தக நீதிமன்றம் கூறியது. ஓர் உருவம் எதனுடைய உருவம், அதில் எந்த உறுப்பு இருந்தால் என்ன சட்டம் என்று நம் ஃபுகஹாக்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஆராய்ந்ததைச் சிலர் வீண் வேலை என்று பரிகசிப்பதுண்டு. வரிப்பணத்துக்காக அந்நாட்டு நீதிபதிகளும் அதே ஆராய்ச்சியில் உட்கார வேண்டி வந்திருக்கிறது.

கூடத்தின் முன்பாதியில் இருந்தவையெல்லாம் பெட்டி பிரிக்காத பொம்மைகள். 40, 50 ஆண்டுகளுக்கு முன் கடையில் இருந்த அதே அட்டை, அதே ஒட்டுக் காகிதம். இவற்றைப் பரிசோதித்து, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற அக்ரிலிக் கூட்டில் அடைத்துத் தருவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அட்டையின் மூலை மடங்கினால் மதிப்பெண் குறையும். பிரித்தாலோ விலை சரிந்துவிடும். அறுபது வயதைக் கடந்த ஒருவரிடம், "இதை எப்போதாவது கையில் எடுத்துப் பார்த்ததுண்டா?" என்று மருமகன் மூலம் கேட்டேன். "பெட்டியைத்தான்" என்றார். அவர் முகத்தில் பெருமை இருந்தது என்றே நினைக்கிறேன்.

விலைகளைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. ஜி.ஐ. ஜோவின் முதல் மாதிரி 2003-ல் ஏலத்தில் 2,00,000 டாலருக்குப் போயிருக்கிறது. அதையும் மிஞ்சியது ஸ்டார் வார்ஸ் படத்தின் போபா ஃபெட் பொம்மை. கென்னர் நிறுவனம் முதுகிலிருந்து சிறு ராக்கெட் பாயும்படி இதற்கு மாதிரிகள் செய்தது. குழந்தைகள் தொண்டையில் அது சிக்கிவிடும் என்ற அச்சத்தால், பாயும் ராக்கெட்டோடு அதை விற்பனைக்கு விடவேயில்லை. அந்த மாதிரிகளில் ஒன்று 2024-ல் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது. எந்தக் குழந்தையின் கைக்கும் போய்ச் சேராத விளையாட்டுச் சாமானுக்கு இத்தனை விலை! பொருளைச் சேர்த்து வைத்து எண்ணி எண்ணிப் பார்ப்பவனைப் பற்றி ஹுமஸா சூராவில் வருவதை அந்த மேஜைகளுக்கிடையே நடந்தபோது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

"மாமா, நான் வருவது இந்தப் பக்கத்துக்கு" என்று மருமகன் என்னைக் கூடத்தின் பின்பாதிக்கு அழைத்துப் போனார்.

அங்கே இரைச்சல். ஒட்டுப் பசை வாடை, சாய வாடை. பழையதையும் உடைந்ததையும் எடுத்துத் தம் மனம்போல் புதிதாக ஆக்குகிறவர்களின் இடம் அது. ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் கால், மூன்றாவதின் சட்டை என்று சேர்க்கிறார்கள். 1982-ல் வந்த சிறு பொம்மைகளின் இடுப்புக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அது இற்றுப்போனால் ஆள் இரண்டு துண்டாகிவிடுவான். முதுகுத் திருகாணியைக் கழற்றி, குழாய்க்குப் போடுகிற ரப்பர் வளையத்தையே மாட்டி எழுப்பிவிடுகிறார்கள். 1974-ல் வந்த ஓரடிப் பொம்மைகளுக்குப் பிடிமானம் உள்ள மெத்தென்ற கைகள்; நாட்பட விரல்கள் முறிந்து விழும். அதற்கு வேறு கை. மஞ்சளித்துப்போன வெள்ளைப் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கிறார்கள். முன்பாதியில் கேட்காத சிரிப்பும் பேச்சும் இங்கே கேட்டன. ஒருவர் தம் கையிலிருந்த உதிரிக் காலை விலையில்லாமலே இன்னொருவருக்குக் கொடுத்தார்.

ஒரு மேஜையில் அட்டைப்பெட்டி நிறையத் தலைகள் கிடந்தன. தலைகள் மட்டும். பக்கத்துப் பெட்டியில் தலையில்லாத உடல்கள். அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

அப்போது எனக்கு வயது 15. மதரஸாவில் முதல் வருட விடுமுறைக்கு வந்திருந்தேன். மருமகனுக்கு 7 வயது. சவூதியிலிருந்த மச்சான் பிள்ளைக்கு ஒரு பட்டாளக்காரப் பொம்மை அனுப்பியிருந்தார்கள். பிள்ளை அதை வைத்துக்கொண்டே சாப்பிடும்; வைத்துக்கொண்டே உறங்கும். நான் அன்றைக்கு ஓதியிருந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் எனக்கிருந்த பெருமை அதிகம். அதை அவன் கையிலிருந்து பிடுங்கி, அவன் கண்ணெதிரேயே தலையைத் திருகிப் பிய்த்துக் கொல்லையில் எறிந்தேன். தலை போனால் அது மரத்தைப் போல் ஆகிவிடும் என்ற ஹதீஸையும் சொன்னேன். ராத்தா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஓதுகிற தம்பியை என்ன சொல்வது? பிள்ளை அழவில்லை. "அப்போ மரத்தை வைத்துக்கலாமா மாமா?" என்று கேட்டுவிட்டு, தலையில்லாத அந்த உடம்பை வைத்துச் சில நாள் விளையாடினான்.

நான் சொன்ன ஹதீஸ் உள்ளதுதான். வீட்டிலிருந்த உருவத்தின் தலையை எடுத்துவிடவும், உருவமுள்ள திரைச்சீலையைக் கிழித்து மிதிபடும் தலையணைகளாக ஆக்கவும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் சொன்னதாக அதில் வருகிறது. ஆனால் அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டில்தான் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகளை வைத்து விளையாடினார்கள். தோழிகள் நாயகத்தைக் கண்டு ஒளிந்துகொண்டால், நாயகமே அவர்களைத் திரும்ப விளையாட அனுப்பி வைப்பார்கள் என்று புகாரி, முஸ்லிமில் காண்கிறோம். துணி இறக்கை கட்டிய குதிரைப் பொம்மை ஒன்றைப் பார்த்து, குதிரைக்கு இறக்கையா என்று நாயகம் கேட்டதும், சுலைமான் நபியின் குதிரைகளைச் சொல்லி அன்னையார் மறுமொழி தந்ததும், கடைவாய்ப் பற்கள் தெரிய நாயகம் சிரித்ததும் அபூதாவூதில் உள்ளன. ஆஷூரா நோன்பு பிடித்த பிள்ளைகள் பசியால் அழும்போது, நோன்பு திறக்கும் வரை கம்பளியில் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுத்து ஆற்றியதாக ருபைய்யிஉ பின்த் முஅவ்விது (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இவற்றை நான் 15 வயதில் ஓதியிருக்கவில்லை. பின்னர் ஓதியபோதும் கொல்லையில் எறிந்த தலை என் நினைவுக்கு வரவில்லை. ஓதியது ஓரிடம், செய்தது ஓரிடம் என்று கிடந்துவிட்டது.

பிள்ளைகளின் பொம்மைகளைப் பெரும்பாலான உலமாக்கள் அனுமதித்திருப்பதாகக் காழீ இயாழ் (ரஹ்) அவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். அந்த அனுமதி பின்னர் மாற்றப்பட்டுவிட்டது என்போரும் உண்டு. கருத்து வேறுபாட்டை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் இரு சாராரின் பேச்சையும் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். சுவரில் தொங்கினால் ஒரு சட்டம், காலடியில் மிதிபட்டால் ஒரு சட்டம். உயரத்தில் கண்ணியப்படுத்தி வைத்தால் ஒன்று, பிள்ளையின் கையில் இழுபட்டுக் கிழிந்தால் வேறொன்று. விளையாட்டு என்ற காரணத்தால்தான் பொம்மைக்கு இடங்கொடுக்கப்பட்டது. விளையாட்டையே எடுத்துவிட்டு, கண்ணாடிக்குள் நிறுத்தி, விளக்குப் போட்டு, கைபடாமல் காத்தால், எந்தக் காரணத்தைச் சொல்லி அதை வைத்துக்கொள்வது?

நான் இப்படி யோசித்து நின்றபோது மருமகன் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தார். மேஜைக்காரர் ஒரு கோப்பை வெந்நீர் கொடுத்தார். பொம்மையைத் தலைகீழாக அதில் சிறிது நேரம் பிடித்தார். "திருகினால் கழுத்து உடைந்துவிடும் மாமா. வெந்நீரில் இளகிவிட்டால் தானாக வரும்" என்றார். மெல்ல இழுத்தார், தலை கழன்று வந்தது.

"அந்தப் பொம்மையை நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது" என்றேன்.

"எந்தப் பொம்மை மாமா?" என்று கேட்டுக்கொண்டே வேறொரு தலையைப் பொருத்திக்கொண்டிருந்தார். மறந்துதான் போனாரா, என் முகத்தைப் பார்த்து மறந்துவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை. நான் விளக்கமாகச் சொல்லி, மன்னிக்கும்படி கேட்டேன். பள்ளிவாசல் மிம்பரில் நின்று பேசுவதைவிட அது கடினமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். லுஹருக்கு நேரமாகியிருந்தது. வாகனம் நிறுத்துமிடத்தில் துணி விரித்துத் தொழுதோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ராத்தாவின் கட்டளையை நிறைவேற்ற உட்கார்ந்தேன். ஒட்டித் தைத்துச் சரிசெய்த பொம்மைகள் ஒரு கூடையில் தரையில் கிடந்தன. மூன்று வயது மகள் அவற்றின் காலைப் பிடித்து இழுத்து வந்து என் மடியில் போட்டாள். கூடத்துக் கண்ணாடி அலமாரியில், தலைக்கு மேல் விளக்கோடு, பெட்டி பிரிக்காத மூன்று இருந்தன. கூடையில் இருப்பதைத் தடுக்க எனக்கு ஆதாரமில்லை, பேணுதலுக்காக ஒருவர் விட்டால் அது அவருக்கு நல்லது என்றேன். அலமாரியில் இருப்பதை என்னால் அனுமதிக்க முடியாது என்றும் சொன்னேன். விலையைக் கேட்டேன். ஒன்றின் விலையில் நம் ஊர் மதரஸாவில் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் சோறு போடலாம். அதையும் சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "மாமா, கோபிக்கக் கூடாது. போன தடவை ஊருக்கு வந்தபோது உங்கள் அலமாரியில் பார்த்தேன். பெய்ரூத்தில் அச்சடித்த கிதாபு, இருபது பாகத்துக்கு மேல் இருக்கும், பிளாஸ்டிக் உறையே பிரிக்காமல் இருந்ததே?" என்றார்.

கிதாபுக்கும் உருவத்துக்கும் சட்டம் வேறு என்று பதில் சொல்ல எனக்குத் தெரியும். அவர் கேட்டது சட்டமல்ல என்பதும் தெரிந்தது. அந்தக் கிதாபு வீட்டில் வந்து நான்கு வருடமாகிறது. வருகிறவர்கள் கண்ணில் படும்படி நடு அடுக்கில்தான் வைத்திருக்கிறேன்.

அன்றிரவு ராத்தாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கூடையைப் பற்றியும் அலமாரியைப் பற்றியும் விளக்கிவிட்டு, பழைய சங்கதியையும் சொல்லி, மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "நானும்தானே தம்பி அன்றைக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன்" என்றார்கள்.

மூன்று பெட்டிகளில் ஒன்றை மருமகன் விற்றுப் பணத்தை மதரஸாவுக்கு அனுப்பினார். ஒன்றைப் பிரித்து மகளிடம் கொடுத்துவிட்டார். முதல் நாளே அதன் தொப்பி தொலைந்ததாம். மூன்றாவதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் கிதாபில் ஆறாம் பாகம் வரை உறை பிரித்திருக்கிறேன்.