பச்சை குத்திய பேரும் பழைய வினையும்

வேலும் மயிலும் துணை!

காலேஜ் நாளில் கையில் ஒரு பேரைப் பச்சை குத்திக்கிட்டேன். இப்போ வீட்டில் பெண் பார்க்கிறாங்க. கடலூரில் லேசர் மூணு தடவை ஆச்சு, எழுத்து இன்னும் மங்கலா தெரியுது. லேசர் மையை உடைக்கத்தான் செய்யும். உடைந்த தூளை வாரக்கணக்கில் நம்ம உடம்புதான் அகற்றணும்.

கிருத்திகையன்று சிதம்பரம் பாண்டியநாயகர் சந்நிதியில் முழுக்கைச் சட்டையோடு வெட்கத்தில் நின்னேன். அருணகிரியார் ஞாபகம் வந்தார். திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கினான். அதுக்கப்புறமும் அவர் தன் பழசை மறைக்கலையே, திருப்புகழிலேயே சொல்லி அழுதாரே!

நம்ம வினையை வேல் உடைக்கும். உண்மையா நடக்க வேண்டியது நம்ம வேலை, நண்பர்களே. அன்றே பெண் வீட்டில் சொல்லிட்டேன். பதில் வரலை. ஆனா சட்டைக் கையை மடிச்சுட்டேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!