சட்டையில் ஒட்டிய வாடை





இந்த வாரத் தலைப்பு சிலருக்குச் சங்கடமாக இருக்கும். கஞ்சா புகையின் வாடையைத் துணியிலிருந்தும் வீட்டிலிருந்தும் எப்படிப் போக்குவது என்று கேட்பவர்கள் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். வாடகைக்குப் பிடித்த வீட்டில், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன வாடை போகவில்லை என்று ஒருவர் கேட்டார். பழக்கத்தை விட்டுவிட்ட ஒரு தம்பி, பழைய சட்டைகள் இன்னும் நாறுவதால் பள்ளிக்கு வர வெட்கமாக இருக்கிறது என்றார். ஒரு தாய் தொலைபேசியில் கேட்டார்: "ஹஜ்ரத், மவன் சட்டையில அந்த வாடை வருது. அவங்க அத்தா வர்றதுக்குள்ள அலசிப் போட்டுடுறேன். இது பாவமா?"

முதல் இருவருக்கும் பதில் எளிது. அந்தத் தாயின் கேள்வி அப்படியல்ல. அவர் கேட்டது வாடையைப் பற்றி மட்டும் அல்ல.

முதலில் மார்க்கச் சட்டத்தைப் பார்ப்போம். கஞ்சா ஹராம் என்பதில் நம் இமாம்களுக்குத் தயக்கம் இருந்ததில்லை. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ (ரஹ்) அவர்கள் ஹஷீஷ் தடை பற்றித் தனி நூலே எழுதினார்கள். இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்கள் பெரும்பாவங்களைத் தொகுத்த நூலில் இதையும் சேர்த்தார்கள். ஆனால் ஹராம் என்பது வேறு, நஜீஸ் என்பது வேறு. மது போதை தரும் திரவம் என்பதால் நஜீஸ். ஹஷீஷ் ஒரு செடி. போதை தந்தாலும் அது நஜீஸ் அல்ல என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் நஜீஸ் என்றே கருதினார்கள். நம் மத்ஹபின்படி, தெளிந்த புத்தியோடு இருப்பவர் அந்த வாடை படிந்த சட்டையில் தொழுதால் தொழுகை கூடிவிடும்.

கூடிவிடும் என்பதால் அப்படியே பள்ளிக்கு வந்துவிடலாமா? பச்சை வெங்காயமும் பூண்டும் சாப்பிட்டவர் பள்ளியை நெருங்க வேண்டாம், மனிதர்களுக்குத் தொல்லை தருவது மலக்குகளுக்கும் தொல்லை தரும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்லிம் நூலில் பதிவாகி இருக்கிறது. ஹலாலான வெங்காயத்துக்கே இந்த நிலை. உமர் (ரலி) அவர்கள் தம் குத்பாவில் இதையே நினைவூட்டி, சாப்பிட விரும்புகிறவர் சமைத்து அந்த வாடையைப் போக்கிக்கொள்ளட்டும் என்றார்கள். வாடையை விலக்கச் சொன்னார்கள். ஆகவே வாடையைப் போக்க முயல்வது தன்னளவில் நல்ல காரியம்தான். அந்தத் தம்பியிடம் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றேன். வாடை முழுதாகப் போகும்வரை தொழுகையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

(இதில் ஒரு வியப்பு: கஞ்சாச் செடியின் நெடிக்குக் காரணமான கந்தகச் சேர்மங்களை அடையாளம் கண்டதாக 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. அவை பூண்டில் இருக்கும் கந்தகச் சேர்மங்களை ஒத்தவையாம்.)

சரி, எப்படிப் போக்குவது? நம் வீடுகளில் முதலில் கை போவது சாம்பிராணிக்கும் ஊதுபத்திக்கும் அத்தருக்கும்தான். அவை வாடையைப் போக்குவதில்லை, மேலே இன்னொரு வாடையைப் போர்த்துகின்றன. சாம்பிராணியும் புகைதானே! கஞ்சா புகையில் பிசுபிசுப்பான தார் இருக்கிறது. அது சுவரிலும், திரைச்சீலையிலும், மின்விசிறி இறக்கையிலும், மெத்தைப் பஞ்சிலும் படிந்து, பல நாள் கழித்தும் மெல்ல மெல்ல வெளியேறும். மழைக்காலத்தில் ஈரம் ஏறும்போது வாடை கூடும். அதனால் படிந்ததை எடுக்காமல் வாடை போகாது. ஜன்னல்களை எதிரெதிராகத் திறந்து காற்று ஓட விடுங்கள். சுவரையும் கதவையும் விசிறியையும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். துடைக்காமல் வெள்ளையடித்தால் கொஞ்ச நாளில் வாடை மேலே வரும். துணிகளைத் தனியாகப் பிரித்து, சோடா உப்பு கலந்த தண்ணீரில் ஊறவைத்து, வழக்கம்போல் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். ஒருமுறை போதாவிட்டால் மறுமுறை. ஏசி இருந்தால் அதன் வடிகட்டியைக் கழுவுங்கள். பஞ்சு மெத்தையும் சோஃபாவும்தான் கடினம். சில வேளை மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஒன்றில் மட்டும் கவனம்: பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

புகைப்பவருக்கு இந்த வாடை தெரியாது. ஒரே வாடையில் தொடர்ந்து இருக்கும் மூக்கு சிறிது நேரத்தில் அதை உணர்வதை நிறுத்திவிடும். "என்கிட்ட வாடையே இல்லையே" என்று மகன் சொல்லும்போது அவன் பொய்தான் சொல்கிறான் என்று முடிவு கட்ட வேண்டாம். அவன் மூக்கு உண்மையாகவே பழகிப்போயிருக்கும்.

இன்னொன்றையும் பெற்றோர் யோசிக்க வேண்டும். வாடை ஒரு சாட்சியா? மது வாடை வந்ததை மட்டும் வைத்துக் குடித்ததற்கான தண்டனை கொடுக்கலாமா என்று நம் ஃபுகஹாக்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் கொடுக்கலாம் என்றார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபுகளில் வாடை மட்டும் போதாது. அவர் வற்புறுத்தப்பட்டிருக்கலாம், வாய் கொப்பளித்துத் துப்பியிருக்கலாம். கஞ்சா வாடைக்கு இது இன்னும் பொருந்தும். பக்கத்தில் நின்றவன் சட்டையிலும் அது ஏறும். ஒரே அறையில் தங்கும் நான்கு பேரில் ஒருவன் புகைத்தாலும் நால்வர் துணியும் நாறும். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் சந்தேகங்களில் பலவற்றைத் தவிர்க்கவும், துருவித் துருவி ஆராயாமல் இருக்கவும் கட்டளையிடுகிறது. வாடை வந்தால் கேளுங்கள். ஆனால் தீர்ப்பை முன்பே எழுதி வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

இப்போது அந்தத் தாயிடம் வருவோம்.

குறையை மறைப்பது நம் மார்க்கத்தில் உயர்ந்த குணம். மாஇஸ் (ரலி) அவர்கள் தாம் செய்த பாவத்தை நபியவர்களிடம் வந்து ஒப்புக்கொண்ட சம்பவம் உங்களுக்குத் தெரியும். போய்ச் சொல்லும்படி அவரை அனுப்பியவர் ஹஸ்ஸால் (ரலி) அவர்கள். அவரிடம் நபி (ஸல்) அவர்கள், உம் ஆடையால் அவரை மறைத்திருந்தால் உமக்கு அது நல்லதாக இருந்திருக்கும் என்ற கருத்தில் கூறினார்கள். அபூதாவூதிலும் முவத்தாவிலும் இது இருக்கிறது. தான் இரவில் செய்ததை விடிந்ததும் ஊருக்குச் சொல்லித் திரிபவனை நபியவர்கள் கண்டித்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஆகவே மகனின் சட்டையை அலசிப்போட்டு அவன் மானத்தைக் காத்த தாயைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டேன்: "நீங்க அலசுறது உங்க மவனுக்குத் தெரியுமா?" சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, "தெரியாது ஹஜ்ரத். நானும் கேட்டதில்ல, அவனும் சொன்னதில்ல" என்றார்.

பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. ஊர் பார்க்காமல் மறைப்பது ஸத்ர். மகனிடமிருந்தே, உனக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்பதை மறைப்பதை என்னால் ஸத்ர் என்று சொல்ல முடியவில்லை. அநீதி செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள், அவன் கையைப் பிடித்து நிறுத்துவதே அந்த உதவி என்ற நபிமொழியைப் பாருங்கள். இங்கே தனக்கே அநீதி செய்துகொள்பவன் அந்த மகன். சட்டையை அலசும் கை அவன் கையையும் பிடிக்க வேண்டும். வாரம் மூன்று முறை உம்மா சட்டையை அலசிப் போட, அவனோ யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நினைப்பு அவனுக்குப் பெரிய வசதி.

கணவரிடம் சொல்ல வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. அடித்து வெளியே துரத்துவார் என்று அஞ்சும் வீட்டில், முதலில் மகனிடம் தனியாகப் பேசுவதே முறை என்று கருதுகிறேன். "உன் சட்டையை நான்தான் அலசினேன். எனக்குத் தெரியும். அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. நாம் சேர்ந்து இதற்கு வழி பார்ப்போம்" என்ற அளவு போதும். ஆனால் அத்தாவையும் முடிவில்லாமல் இருட்டில் வைக்க முடியாது. அவருக்கும் அந்தப் பிள்ளை மீது பொறுப்பு உண்டு.

விட முயலும் பிள்ளைக்கு முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் வராது, பசி எடுக்காது, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வரும். அதைத் திமிர் என்று எண்ணி வீட்டில் சண்டை பிடிக்காதீர்கள். மது குடித்ததற்காகப் பலமுறை கொண்டுவரப்பட்ட ஒரு ஸஹாபியை ஒருவர் சபித்தபோது நபியவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்றார்கள். அவரையே சபிக்க விடாத உம்மத்தில், "கஞ்சா கேஸ்" என்று ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்க நம் தெருவுக்கு யார் உரிமை கொடுத்தது?

பல பெற்றோர் மருத்துவமனைக்குப் போகாததற்குக் காரணம் போலீஸ் பயம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கியிருந்தாலும், தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். சிகிச்சை பற்றிக் கேட்க ஒன்றிய அரசின் உதவி எண் 14446. அழைப்புக்குக் கட்டணம் கிடையாது. குடும்பத்தாரும் அழைத்து ஆலோசனை கேட்கலாம். மகன் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.