தம்பி, ஐசி கொடு

கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. தாமான் முனையில் ஒரு பூம் கேட், பக்கத்தில் ஒரு பொண்டோக், அதற்குள் ஒரு ஜாகா. கார் வந்தால் கேட் தூக்கும். மோட்டாரில் வருபவன் நிற்க வேண்டும். அவன் இருபது வயதுக்காரனாக, கறுப்பாக, கையில் பச்சை குத்தியவனாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். "தம்பி, ஐசி கொடு" என்று கேட்கும் ஜாகாவும் பல இடங்களில் நம்மவர்தான். ஓய்வெடுக்க வேண்டிய வயதில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் யாரோ ஒருவருடைய அப்பா.

இதை இனவாதம் என்று ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடலாம். நம் கட்டுரைகள் பெரும்பாலும் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் அந்த கேட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டுபவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயம் பொய்யானது அல்ல. வழிப்பறிக்குப் பயந்து தாலிக்கொடியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறோடு சந்தைக்குப் போகும் பெண்களை எல்லாருக்கும் தெரியும். மோட்டாரிலிருந்து இழுத்துத் தள்ளப்பட்டுத் தலையில் அடிபட்டவர்களின் கதை இல்லாத குடும்பம் அபூர்வம். 'குற்றக் குறியீடு இறங்கிவிட்டது, உங்கள் பயம் வெறும் பெர்செப்ஷன்' என்று அரசாங்கம் சொல்லிய காலத்தில் ஜனங்கள் சிரித்ததில் நியாயம் இருந்தது. பயந்தவளிடம் பட்டியலைக் காட்டிப் பயனில்லை.

அந்தக் குறியீடு எதை எண்ணுகிறது என்பதையும் பார்க்கணும். கொலை, கொள்ளை, வீடு புகுந்து திருடுவது, வாகனத் திருட்டு என்று வன்முறையும் சொத்துக் குற்றமும் அதில் வரும். போனில் பேசியே ஒருவருடைய இபிஎஃப் சேமிப்பை வழித்தெடுக்கும் மோசடி வணிகக் குற்றம் என்று வேறு கணக்கில் போகும். வீட்டுக்குள் கணவன் அடிப்பதற்கென்று அதில் தனித் தலைப்பு கிடையாது. பூம் கேட்டும் அதே அளவுக்குத் தைத்த சட்டைதான். வெளியிலிருந்து மோட்டாரில் வருபவனை மட்டும்தான் அதற்குத் தெரியும்.

1975-இல் அவசரகால விதிகளின் கீழ் ருக்குன் தெத்தாங்கா தொடங்கியபோது இரவு ரோந்து கட்டாயம். முறை வந்தால் ஆண்கள் எல்லாரும் டார்ச் லைட்டோடு தெருவுக்கு வர வேண்டும். அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, கட்டாயம் கட்டாயம்தான். ஆனால் காவல் காக்கும் சிரமத்தைக் காக்கப்படுபவர்களே சுமந்தார்கள். இப்போது அதைப் பணம் கொடுத்து வாங்குகிறோம். பணம் போக மிச்சமிருக்கும் விலையைக் கொடுப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. உறுப்பினர்கள் ஏறக்குறைய 40,000 பேர் என்றும் அவர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள் என்றும் அப்போது சொல்லப்பட்டது. மக்கள்தொகையில் ஏழு விழுக்காடு இருக்கும் சமூகத்துக்கு அந்த எண் ஓர் அறை. அதைப் பொய் என்று நான் தள்ளப்போவதில்லை, போலீஸ் எங்கே தேடியதோ அங்கேதான் கண்டுபிடித்திருக்கும் என்ற சந்தேகம் எனக்கு இருந்தாலும்.

பிரச்சினை, அந்த எண் தெருவுக்கு வந்ததும் தலைகீழானது. 'கும்பலில் பத்தில் ஏழு பேர் இந்தியர்' என்பதும் 'இந்தியரில் பத்தில் ஏழு பேர் கும்பல்' என்பதும் ஒன்றல்ல. 2010 கணக்கெடுப்பில் நாம் ஏறக்குறைய 19 லட்சம் பேர். அதில் 28,000 என்றால் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இளைஞர்களை மட்டும் எண்ணினால் விகிதம் ஏறும். அப்போதும் கேட்டில் நிற்கும் பையன் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தவனாக இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். ஜாகாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், "எனக்கு மேல கேமரா இருக்கு தம்பி. விட்டுட்டா நாளைக்கு வாட்ஸ்ஆப்புல என் படம்தான் வரும்" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சரி, நூற்றில் ஒருவனைப் பிடிக்க மற்றவர்கள் ரெண்டு நிமிஷம் நின்றால் என்ன? சுவையான ஒரு வழக்கு இருக்கிறது. காவல் கட்டணம் கட்டாத ஒரு குடியிருப்பாளர் கேட்டைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கூட்டரசு நீதிமன்றம் வரை போனார். அது வெறும் அசௌகரியம், சட்டப்படி தொல்லை ஆகாது என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. அவருக்கு அது சரியாகவே இருக்கலாம், ஏனென்றால் அவரை யாரும் திருடனாகப் பார்க்கவில்லை. அந்தப் பையன் கொடுப்பது ரெண்டு நிமிஷம் இல்லை. தினமும் நாலு தாமானில் நாலு முறை, தான் யார் இல்லை என்பதை நிரூபித்துவிட்டுப் போகிறான். காப்புறுதி எடுத்தால் பிரீமியத்தை நாம்தான் கட்டுவோம். இங்கே பாதுகாப்பு நமக்கு, பிரீமியம் அவனுக்கு.

சில நேரம் அந்தப் பிரீமியம் ரொம்பப் பெரிசு. ஆடம்பரக் கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட குகன், 2009 ஜனவரி 20 அன்று சுபாங் ஜெயாவின் தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். 2013-இல் உயர்நீதிமன்றம் அந்த மரணத்துக்குக் காவல்துறையைப் பொறுப்பாக்கி இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பூம் கேட்டும் லாக்கப்பும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் லாக்கப்பில் நடப்பதைப் பார்த்து, 'ஒண்ணும் செய்யாமலா புடிச்சிருப்பான்?' என்று நம் வீட்டு ஹாலிலேயே ஒரு குரல் எழுந்ததே, அந்தக் குரலுக்குத் தினசரிப் பயிற்சி கேட்டில்தான் நடக்கிறது. அந்தக் காவல் நிலையம் இருக்கும் யுஎஸ்ஜே ஒரு காலத்தில் சீஃபீல்ட் தோட்டம். அங்கே பால் மரம் வெட்டியவர்களின் பேரன்கள்தான் இப்போது அதே மண்ணுக்குள் நுழைய ஐசி கொடுக்கிறார்கள்.

பொதுச் சாலை உள்ள இடங்களில் உள்ளே வருபவர்களைத் தடுக்க ஜாகாவுக்கு அதிகாரம் இல்லை என்று 2010 வழிகாட்டி சொல்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை. குடியிருப்போர் கூட்டத்தில் அதை நீட்டினால், "உங்க வீட்ல திருடு போனா தெரியும் லா" என்ற ஒரே பதிலில் அடங்கிவிடும். அதனால் நான் சட்டம் பேச மாட்டேன். ஒரு தீர்மானம் மட்டும் கொண்டு வரச் சொல்வேன். சோதனை அவசியம் என்றால் எல்லாருக்கும் வைப்போம். ஒவ்வொரு காரும் நிற்கட்டும். கண்ணாடியை இறக்கி, பின் பூட்டைத் திறந்து, ஐசியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகட்டும். மருமகன் வந்தாலும், டத்தோ வந்தாலும், ஆறு மணிக்கு வேலை முடிந்து களைத்து வரும் நீங்களே வந்தாலும். ஒரு மாதம் போதும். அதற்கு எத்தனை கை தூக்குகிறது என்று எண்ணிவிட்டு, ஜாகாவுக்கு அடுத்த உத்தரவைக் கொடுக்கலாம்.