கண்ணாடித் தொட்டியும் கொல்லாமையும்

பஞ்ச சீலத்தின் முதற் சீலத்தை நாம் நாள்தோறும் உச்சரிக்கின்றோம். உயிர்க்கொலையினின்றும் விலகுவேன் என்னும் அவ்வுறுதியை வாயால் உரைப்பது எளிது. கத்தியை எடாதவனும், வலை வீசாதவனும், தூண்டிலைத் தொடாதவனும் தாம் அதனை முற்றும் காத்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கின்றனர். ஆயினும், கையில் கருவியுமின்றி, மனத்தில் பகையுமின்றி, அன்பென்றே கருதி நாம் செய்த ஒரு செயலால் ஓர் உயிர் மாண்டுபோனால், அச் சீலம் என்னவாயிற்று? இவ்வினாவை நம்முன் வைத்தவள், செங்கல் கிராமத்து உபாசகர் ஒருவருடைய இளைய மகள். வினாவுக்குக் காரணமாயிருந்தவை ஆறு சிறு மீன்கள்.

செங்கல், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியிலுள்ள எல்லைப்புறச் சிற்றூர். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசும் குடும்பங்கள் அங்கே இன்றும் உள. அத்தகைய ஓர் இல்லத்திற்கு நாம் சென்றிருந்த அன்று, அச்சிறுமி கண்ணாடித் தொட்டியின் முன் அழுது வீங்கிய கண்களுடன் அமர்ந்திருந்தாள். சண்டை மீனில் ஆண்தான் போரிடும், பெண் போரிடாது என்று கடையில் சொன்னதை நம்பி, அவள் ஆறு பெண் மீன்களை வாங்கி ஒரே தொட்டியில் விட்டிருந்தாள். தொட்டியில் வண்ணக் கற்களும் ஒரு பிளாஸ்டிக் பூவும் தவிர வேறொன்றுமில்லை. ஒன்பதாம் நாள் காலையில் அவற்றுள் சிறியது, துடுப்புகள் கிழிந்து, மூலையில் இறந்து கிடந்தது.

“மாமா, நான் கொன்றுவிட்டேனா?” என்று அவள் கேட்டாள்.

நாம் வாய் திறக்குமுன் இரண்டு விடைகள் வந்தன. “நீ கொல்லவில்லை மகளே, அது அம்மீனின் வினை” என்றார் தந்தையார். “மிச்சமுள்ள ஐந்தையும் நெய்யாற்றில் விட்டுவிடு, புண்ணியமாகும்” என்றார் அவருடைய தமக்கையார். இரண்டும் அன்பினால் கூறப்பட்டவையே. ஆயினும் இரண்டும் தம்மத்திற்கு ஒத்தனவா என்று ஆராய்தல் நம் கடமையாயிற்று.

முதலில் அம்மீனின் இயல்பை அறிவோம். சயாமியச் சண்டை மீன் எனப்படும் இது தாய்லாந்தின் வயல்களிலும் தேங்குநீர்களிலும் தோன்றியது. 1910ஆம் ஆண்டில் ரீகன் என்னும் அறிஞர் இதற்குப் ‘பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்’ என்று பெயரிட்டார். 2019இல் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழுயிராக அறிவித்தது. மனிதர் இதனைப் பழக்கி வளர்த்துக் குறைந்தது நானூறு ஆண்டுகளாயின என்று 2022இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி கூறுகின்றது. நம் பனையேறிக் கெண்டையைப் போலவே இதுவும் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை உண்டு வாழ வல்லது. பந்தயம் கட்டிப் போரிடச் செய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாக மனிதர் இதனைத் தேர்ந்து பெருக்கினர். அக்குருதியே பெண் மீனிலும் ஓடுகின்றது. பெண் மீன்கள் ஆணினும் சினம் குறைந்தவை. எனினும் தமக்குள் மேல் கீழ் என்னும் வரிசையை வகுத்துக்கொள்ளாமல் அவை அமைவதில்லை. அவ்வரிசையை வகுக்குங்கால் எளிய மீனுக்கு ஓடவும் ஒளியவும் இடமில்லையானால், அதன் முடிவு நாம் கண்டதே.

இனி, வினை என்னும் விடையை நோக்குவோம். நேரும் துன்பம் எல்லாம் பழவினைப் பயனே என்னும் கொள்கையைப் புத்த பகவான் ஏற்றாரல்லர். சீவகன் என்னும் பரிபாஜகன் இதனை வினவியபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், இவற்றின் கலப்பு, பருவ மாறுதல், முறைகெட்ட பேணுகை, பிறரது தாக்குதல், வினைப்பயன் என எண்வகைக் காரணங்களை அவர் எடுத்துரைத்ததாகச் சம்யுத்த நிகாயம் கூறும். எட்டனுள் ஒன்றே வினைப்பயன். முறைகெட்ட பேணுகை என்பதும் அவ்வெட்டனுள் ஒன்றாக நிற்பதை நாம் கருத வேண்டும். கண்ணெதிரே தெரியும் காரணத்தை விடுத்து, காணாத பிறவியின்மேல் பழியை ஏற்றுவது அறிவுடைமையாகாது. தாழ்வுற்ற மக்களைப் பார்த்து, அது உங்கள் முற்பிறவிப் பயன் என்று சொல்லிக் கடந்து சென்றவர்களை நாம் அறிவோம். அவ்விடையை மறுத்து இந்நெறிக்கு வந்த நாம், ஒரு மீனுக்கேனும் அவ்விடையைக் கூறலாமோ?

அங்ஙனமாயின் சிறுமி கொலைஞர் ஆனாளா? அன்று. உயிர்க்கொலை நிறைவுறுவதற்கு ஐந்து உறுப்புகள் வேண்டுமென்று உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர். உயிர் இருத்தல், அது உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அம்முயற்சியால் சாவு நேர்தல் என்பன அவை. இவளிடத்தில் கொல்லும் எண்ணம் இல்லை. கொல்லும் முயற்சியும் இல்லை. ஆதலின் சீலம் உடையவில்லை. இதனை அவளிடம் ஐயமறக் கூறினோம். இல்லாத குற்றத்தைக் குழந்தையின் தலையில் சுமத்துவதும் ஒருவகை இம்சையே.

ஆனால் அத்துடன் நாம் நிறுத்தவில்லை. சீலம் உடையவில்லை என்பது ஒன்று. செய்ய வேண்டியதைச் செய்தோம் என்பது வேறொன்று. பகவான் தம் இறுதி மொழியில் வலியுறுத்தியது அப்பமாதம், அதாவது சோர்வின்மை. மீன்கள் ஒன்றையொன்று தேடி அத்தொட்டிக்கு வரவில்லை. அவற்றை ஒரு சதுரத்திற்குள் கூட்டிவைத்தது மனிதக் கை. ஒன்று மற்றொன்றைக் கடித்தது மீனின் இயல்பு. அவ்வியல்புக்கு அறமுமில்லை, பாவமுமில்லை. அவ்வியல்பு கொலையாக முதிரும் சூழலை அமைத்தவரே அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர். பிற உயிர்களை ஓர் எல்லைக்குள் வைப்பவன், அவ்வெல்லைக்குள் நிகழ்வனவற்றை அறிந்திருக்கவும் கடமைப்பட்டவன். அறியேன் என்பது அவனை ஒருமுறை காக்கும், மறுமுறை காவாது.

இனி, ஆற்றில் விடுதல். பௌத்த நாடுகள் பலவற்றில், பிடிபட்ட உயிர்களை விடுவிப்பது நற்செயலாக நடைபெறுகின்றது. அதன் நோக்கத்தை நாம் போற்றுகின்றோம். ஆனால் நெய்யாறு இம்மீனின் தாயகமன்று. கடைத்தொட்டியில் பிறந்த அது அங்கே பசியாலோ பகையாலோ மாளக்கூடும். பிழைத்தால் அங்குள்ள சிற்றுயிர்களுக்குக் கேடாகக்கூடும். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் அடிலெய்டு ஆற்றுச் சமவெளியில் இவ்வினம் வேரூன்றியிருப்பது காணப்பட்டுள்ளது. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் கேரளத்து ஆறுகளில் அரபைமா முதலிய அயல்நாட்டுப் பெருமீன்கள் அகப்பட்டதை நாம் அறிவோம். ஆகவே, நம் கண்ணினின்றும் அகற்றுவதை விடுதலை என்று கருதி மயங்கலாகாது.

வாங்குவதே தகுமா என்று அன்பர் சிலர் வினவுவர். நேர்மையான வினா. உபாசகர் விலக்க வேண்டிய ஐந்து வாணிகங்களுள் உயிர்வாணிகமும் ஒன்று. உரையாசிரியர் அதனை மனிதரை விற்றல் என்றே கொண்டனர். எனினும், அசோக மாமன்னர் முடிசூடி இருபத்தாறாம் ஆண்டில் பொறித்த தூண் சாசனத்தில், குறிப்பிட்ட நாட்களில் மீனைக் கொல்லுதலோடு விற்றலையும் தடுத்தார் என்பது சிந்திக்கற்பாலது. புதிதாக மீன் வாங்கி அழகு பார்க்குமாறு நாம் எவர்க்கும் கூறோம். ஆனால், ஏற்கெனவே நம் இல்லத்திற்கு வந்துவிட்ட உயிர்க்கு நம்மீது உரிமை உண்டு. அவ்வுரிமையைக் கொள்கை பேசித் தட்டிக்கழித்தல் ஆகாது.

ஆதலின் சிறுமியோடு கூடிச் செய்யத்தக்கதைச் செய்தோம். முதலில் ஐந்து மீன்களும் தனித்தனிப் பாத்திரங்களில் பிரிக்கப்பட்டு, நாள்தோறும் நீர் மாற்றப்பட்டன. எண்பது லிட்டருக்குக் குறையாத நீண்ட தொட்டி ஒன்று அமைக்கப்பட்டது. நம் நாட்டு நீர்நிலைகளில் வளரும் வேலம்பாசியும் நீர்ப்பிரம்மியும் கொட்டிக்கிழங்கும் அடர்த்தியாக நடப்பட்டன. மேலே ஆகாயத்தாமரை மிதந்தது. ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனை தெரியாதபடி வேர்க்கட்டைகளும் கவிழ்த்த மண்சட்டிகளும் இடப்பட்டன. பார்வை மறைந்தால் துரத்தல் அறும். நாட்டுவாதுமையின் உலர்ந்த இலைகள் இரண்டு நீரில் இடப்பட்டன. மீன் காற்றுண்ண நீருக்கு மேலே வெளி விட்டு, அது துள்ளி விழாதிருக்க மூடியும் அமைக்கப்பட்டது.

உடனே மீனை விடவில்லை. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சாகும். அதனை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். சிறுமி ஆறு வாரம் பொறுத்தாள். பின்னர் ஒரு மாலையில், விளக்கை அணைத்து, ஐந்தையும் ஒரே வேளையில் விட்டோம். எதுவும் முன்வந்து இடத்தைத் தனதென்று கொள்ளாதிருக்கவே அவ்வாறு செய்தோம். உடன்பிறந்து ஒருங்கே வளர்ந்தவையாயின் இன்னும் நன்று. ஐந்துக்குக் குறைந்தால் துரத்தல் முழுவதும் ஒன்றன்மேலேயே விழும். பலவாயின் அது பகிர்ந்துபோகும்.

இத்தனை செய்தும் இதில் உறுதி யாதுமில்லை. அனுபவமுள்ளோர் பலர், பெண் மீன்களையும் தனித்தனியே வைத்தலே நன்று என்பர். அதனை நாம் மறுக்கவில்லை. எனவே, தொட்டியின் அருகே நீர் நிறைந்த ஒரு தனிப் பாத்திரம் எப்பொழுதும் ஆயத்தமாக இருக்க வேண்டுமென்று சிறுமிக்குக் கூறினோம். நிறம் மங்கி உடலின் நெடுகக் கரிய கோடுகள் தோன்றினும், துடுப்பு ஒடுங்கினும், உணவுக்கு வாராது ஒதுங்கினும் அது அச்சத்தின் அறிகுறி.

இரண்டு திங்களுக்குப் பின் மீண்டும் சென்றோம். தொட்டியில் நான்கு மீன்களே இருந்தன. செந்நிறமுடைய, எல்லாவற்றினும் அழகிய மீன், அடுத்திருந்த தனிப் பாத்திரத்தில் ஓர் இலையின் நிழலில் கிடந்தது. அது மற்றவற்றை ஓயாது துரத்தியதாம். “சிவப்பு இல்லாமல் தொட்டி பார்க்க நன்றாகவே இல்லை மாமா” என்றாள். “ஏன் எடுத்தாய்?” என்றோம். “பார்ப்பதற்காகவா அவை இருக்கின்றன?” என்று அவள் நம்மையே திருப்பிக் கேட்டாள்.

அன்பர்களே, ஒளிவிடத்தால் உண்டான அமைதி மெய்யான மைத்திரி அன்று. செடி மறைத்ததால் மீன் கடிக்கவில்லை, அன்பினால் அன்று. மீனுக்கு அவ்வளவே இயலும். ஆனால் அச்செடியை நட்டவரிடத்தும், தன் கண்ணுக்கு இனிய காட்சியைத் தானே கலைத்துத் தனிப் பாத்திரத்தை நிரப்பியவரிடத்தும் மைத்திரி இருந்தது. முதற் சீலம் கொல்லாதே என்று நம் கையைத் தடுக்கின்றது. தடுக்கப்பட்ட கை சும்மா இருக்கலாகாது. அதற்குச் செய்யவேண்டிய பணி உண்டு. குழந்தைகளையோ, முதியோரையோ, பணியாளரையோ, விலங்கையோ ஒரு கூரையின்கீழ் வைத்திருப்போர் யாவரும், தம் இல்லத்தில் அந்தத் தனிப் பாத்திரம் ஆயத்தமாக உள்ளதா என்று இன்று மாலை ஒருமுறை நோக்குவாராக.