கண்டவர் சொல்லும் கண்ட பொருளும்

தாம் கண்டதைக் கண்டவாறே ஒருவர் உரைக்கிறார். கேட்கும் நாமோ, "இதனை வேறு எவரேனும் கண்டதுண்டா?" என்று வினவுகிறோம். அவ்வினா அவருடைய வாய்மையை இழிவுபடுத்துவதாகுமா? நிலவில் தோன்றி மறையும் ஒளிப்பொறிகளின் வரலாறு இதனை ஆராய நமக்குப் பெரிதும் துணைபுரிகின்றது.

நிலவுக்கு நம்முடையது போன்ற காற்றுறை இல்லை. ஆதலின் நம் வானில் எரிந்து மறையும் சிறு கற்களும் அங்கே வேகம் குன்றாமல் தரையில் மோதுகின்றன. மோதிய இடம் கணப்பொழுதில் கடுவெப்பமுற்று ஒளிர்கிறது. கதிரவன் ஒளி படாத பகுதியில் நிகழுமாயின் அதனைத் தொலைநோக்கியில் காணலாம். பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைந்த காலமே நிற்கும், இமைத்தால் போயிற்று.

1178ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் மாலை, இங்கிலாந்தில் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ பிறை நிலவின் மேற்கொம்பு பிளந்து தீப்பொறி கக்கக் கண்டனராம். கான்டர்பரித் துறவி கெர்வாஸ் அதனை எழுதிவைத்தார். கண்டவர்கள் ஆணையிட்டுக் கூறவும் முன்வந்தனர் என்றும் சேர்த்தெழுதினார். 22 கிலோமீட்டர் அகலமுள்ள ஜியோர்டானோ புரூனோ என்னும் நிலவுப் பள்ளம் அன்று தோன்றியதாகலாம் என்று 1976இல் ஜாக் ஹார்ட்டுங் கருதினார். 2001இல் பால் விதர்ஸ் அதனை மறுத்தார். அத்துணைப் பெரிய மோதல் நிகழ்ந்திருப்பின், சிதறிய துகள்கள் ஒரு வாரம் வரை நம் வானில் எரிகல் மழையாகப் பொழிந்திருக்கும். அப்படியொரு செய்தி எந்நாட்டு ஏட்டிலும் காணப்படவில்லை என்றார். இங்கே எவரும் பொய்யுரைத்தார் என்று நாம் கருத வேண்டியதில்லை. ஆணை என்பது சொல்பவர் நெஞ்சுக்குப் பிணை நிற்குமேயன்றி நிலவுக்குப் பிணை நிற்காது.

1953 நவம்பரில் அமெரிக்க மருத்துவர் லியோன் ஸ்டூவர்ட் எடுத்த நிழற்படத்தில், நிலவின் நடுப்பகுதியருகே ஒரு வெண்புள்ளி பதிந்திருந்தது. 2003இல் ஆய்வாளர் இருவர் அவ்விடத்தில் சிறு பள்ளம் ஒன்றைச் சுட்டினர். அப்பள்ளமோ 1953க்கு முற்பட்ட படத்திலேயே இருந்தது. ஆக, ஒற்றைப் படம் இன்றும் ஒற்றைப் படமாகவே நிற்கின்றது.

இக்காலத்து நோக்கர்கள், ஒரு கருவியில் மட்டும் பதிந்த பொறியை உறுதியான மோதலெனக் கொள்வதில்லை. அண்டக்கதிர் ஒன்று படக்கருவியைத் தாக்கினாலும் அதே போன்ற புள்ளி தோன்றும். செயற்கைக்கோள் கதிரவன் ஒளியைத் தெறித்தாலும் அவ்வாறே. வகுப்பில் ஒரு மாணவர் விடை கூறியபின் "இன்னொருவர் சொல்லுக" என்று கேட்பது முன்னவரை அவமதிப்பதன்று என்பதை ஆசிரியப் பயிற்சி பெற்ற நாம் அறிவோம். (மாணவர்தாம் அதனை எளிதில் ஒப்புவதில்லை!)

ஆயினும் ஐயுறுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. "நான் காணவில்லை" என்பதனை "அஃது இல்லை" என்று திரிப்பது ஐயமாகாது, சோம்பலே ஆகும். தம்மிடமுள்ள சான்றைத் தாமே எடுத்து நோக்கியபின் பேசுவதே முறை.

1999 நவம்பரில் சிங்கராசி எரிகல் மழையின்போது, டெக்சஸ் மாநிலத்தில் பிரையன் கட்னிக் ஒரு பொறியைத் தொலைநோக்கியில் கண்ணாற் கண்டார். நேரத்தைக் குறித்து, மேரிலாந்திலிருந்து நிலவைப் படம்பிடித்த டேவிட் டன்ஹாமுக்கு அறிவித்தார். டன்ஹாம் தம் ஒளிநாடாவைப் போட்டுப் பார்த்தார். அந்நேரத்தில் அப்பொறி அதிலும் பதிந்திருந்தது.