மலைக்குப் போயிட்டு வந்து சொல்றேன்

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தால் முருகன் கோயில்களில் ஆறாம் நாள் சூரசம்ஹாரம். திருச்செந்தூர்க் கடற்கரையில் அன்று கூடுகிற கூட்டத்தைப் பார்த்திராதவர்கள் குறைவு. எங்கள் பக்கத்துத் திருத்தணியில் மட்டும் சம்ஹாரம் நடப்பதில்லை. போரெல்லாம் முடித்து, சினம் ஆறி முருகன் வந்து அமர்ந்த மலை இது என்பது தலவரலாறு. அதனால் அன்றைக்கு இங்கே புஷ்பாஞ்சலி. கூடை கூடையாகப் பூவைக் கொண்டுவந்து சொரிகிறார்கள்.

‘உன் மனசு சொல்றதைக் கேளு’ என்று யாராவது யாருக்காவது புத்தி சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கம் நினைவுக்கு வரும். மனசு எந்த நேரமும் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. பங்காளிமேல் கோபம் வந்தால் அதுவும் மனசின் குரலாகத்தான் வருகிறது. வேலையை விட்டுவிடு என்று சொல்வதும் அதுதான், விட்டால் தெருவில் நிற்பாய் என்று மிரட்டுவதும் அதுதான். இவற்றில் எதைக் கேட்பது? முந்திக்கொண்டு பேசுவது பெரும்பாலும் கோபம். இல்லையென்றால் பயம், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். இவை அடங்கிய பிறகு பேசுவதுதான் உள்குரல் என்று நான் நம்புகிறேன். அதை வரவழைக்க முடியாது. மற்றவற்றை அடங்க வைக்கலாம், அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது.

இதை எனக்குக் காட்டியவர் என் பெரியம்மா. மணவூரிலேயே வாழ்ந்து முடித்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல வசதி, பையனுக்கு அரசாங்க உத்தியோகம். வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுவிட்டு, இப்போதே தட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். பெரியப்பா முகமெல்லாம் சிரிப்பு. பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “மலைக்குப் போயிட்டு வந்து சொல்றேங்க” என்றார். கூடம் சட்டென்று அமைதியாகிவிட்டது.

மறுநாள் காலை வண்டியில் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். திருவாலங்காடு, அரக்கோணம் தாண்டித் திருத்தணி. மேலே போகச் சாலை உண்டு, பெரியம்மா படியில்தான் ஏறுவார். மொத்தம் 365 படி, ஆண்டின் நாளுக்கு ஒன்றாக. கையில் காகிதப் பொட்டலத்தில் மஞ்சளும் குங்குமமும். ஒவ்வொரு படிக்கும் குனிந்து ஒரு துளி மஞ்சள், அதன்மேல் ஒரு துளி குங்குமம், பிறகு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்த படி. அப்படிக் குனிந்து நிமிர்ந்து ஏறுகிறவரால் வேகமாகப் போக முடியாது. பேசவும் முடியாது. “இன்னும் எவ்ளோ பெரியம்மா?” என்று நான் நச்சரித்ததற்குப் பதில் வரவில்லை. பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார், மறுபடி எழுந்தார்.

தரிசனம் முடிந்து இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார். “நேத்து வந்தாங்களே, அந்தப் பையனோட அம்மா ஒரு வார்த்தை பேசினாங்களாடா? வாயைத் தொறக்கும்போதெல்லாம் அவங்க வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்திட்டார். அந்த வீட்டுக்கு நம்ம பொண்ணு வேணாம்.”

“முருகர் சொன்னாரா பெரியம்மா?”

“எனக்கு நேத்தே தெரியும்டா. கூடத்துல இருந்த சத்தத்துல அது கேக்கல.”

உள்குரல் என்றால் எங்கிருந்தோ இறங்கிவரும் அசரீரி என்று நினைத்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு அது பெரிய செய்தி. கண் பார்த்துவிட்டது, மனம் எடை போட்டுவிட்டது. வசதி, உத்தியோகம், பெரியப்பாவின் சிரிப்பு எல்லாம் சேர்ந்து அதை மூடிக்கொண்டிருந்தன. படிகள் அந்த மூடியை அகற்றிக் கொடுத்தன. உடம்பும் இதற்கு ஒத்துழைக்கிறது என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடுகிறது, வெளியே விடும்போது குறைகிறது. நிதானமாக நீட்டி மூச்சு விடுகிறவனின் படபடப்பு தணிவது வெறும் கற்பனை அல்ல.

இந்தப் படிகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஆங்கிலப் புத்தாண்டு பிறந்ததும் வெள்ளைக்கார துரைமார்களைத் தேடிப்போய் வாழ்த்துச் சொல்லி நின்ற காலத்தில், வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் அந்தக் கூட்டத்தை மலைப்பக்கம் திருப்ப நினைத்தார். 1917 டிசம்பர் 31 அன்று அவர் தொடங்கிவைத்த படித் திருவிழா இன்றும் நடக்கிறது. படிக்கொரு திருப்புகழ் பாடி, பூசை செய்து ஏறுகிறார்கள். ஊரே அதிகாரத்தின் வாசலில் நிற்கும் நாளில் இன்னொரு வாசலைக் காட்டிய அந்த மனிதர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

மலை ஏறாமலே தணிகை முருகனைக் கண்ட ஒரு சிறுவனும் இருக்கிறான். 1823-இல் மருதூரில் பிறந்து, சென்னை ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் அண்ணன் வீட்டில் வளர்ந்த இராமலிங்கம். படிக்கவில்லை என்று அண்ணனுக்குக் கோபம். பையனோ மாடியறையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். சுவரில் ஒரு கண்ணாடி, அதன் முன் விளக்கு, கொஞ்சம் பூ. அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணாடியில் தணிகை முருகன் தோன்றினான் என்கிறது அவர் வரலாறு. அவர் தணிகை முருகன்மேல் பாடியவை திருவருட்பாவின் ஐந்தாம் திருமுறையில் இருக்கின்றன. நம்பிக்கை உள்ளவர்கள் அந்தக் காட்சியை வணங்குவார்கள். நானும் வணங்குகிறேன். அதோடு, அந்த அறையின் ஏற்பாட்டையும் கவனிக்கிறேன். ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, கதவைச் சாத்திக்கொள்ள உரிமை. இது எந்த வீட்டிலும் சாத்தியம்தான்.

அந்த மாடியறை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது இன்னும் முக்கியம். 1867-இல் வடலூரில் அவர் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை, பசியோடு வருகிறவர்களுக்குச் சோறு கிடைக்கிறது. தனியே கேட்ட குரலை எதைக்கொண்டு சோதிப்பது என்று என்னைக் கேட்டால் அந்த அடுப்பைத்தான் காட்டுவேன். என் வசதிக்கு வக்காலத்து வாங்குகிற குரல்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. பிறருக்காக என்னிடம் எதையாவது கேட்கிற குரலைக் காதுகொடுத்துக் கேட்கிறேன்.

இந்தச் சோதனை காந்திக்கும் வந்தது. 1933-இல் எரவாடா சிறையில் நள்ளிரவில் ஒரு குரல் கேட்டதாகச் சொல்லி, மே 8-ஆம் தேதி 21 நாள் உண்ணாவிரதம் தொடங்கினார். பிரமையாக இருக்கலாமே என்று கேட்டவர்களிடம், நிரூபிக்கத் தன்னிடம் வேறு சான்று இல்லை என்றார். ஆனால் பழகாதவன் அந்தக் குரலைக் கேட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பதிலும் உறுதியாக இருந்தார். திங்கட்கிழமைதோறும் மௌனம் அவர் வழக்கம். 1947 ஜூன் 2 திங்கட்கிழமை. நாட்டைப் பிரிக்கும் திட்டத்தோடு மவுண்ட்பேட்டன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அன்றும் காந்தி பேசவில்லை, பழைய உறைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினார். சாதாரணத் திங்கட்கிழமைகளில் விடாமல் பழகியவருக்குத்தான் அப்படியொரு திங்கட்கிழமையில் அது கைகூடும்.

நமக்குச் சிறையும் இல்லை, மாடியறையும் இல்லை. சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறோம். முன்பு ஜன்னலோரம் கிடைத்தால் வயலைப் பார்த்துக்கொண்டு போவார்கள். இப்போது பெட்டி முழுக்க ரீல்ஸ், அதிலும் இயர்போன் இல்லாமல். ஒருவர் பாட்டு, இன்னொருவர் அரசியல், மூன்றாமவர் சமையல். நாமாக விரும்பி வாங்கிய சத்தம் என்பதால் அது சத்தமாகவே தெரிவதில்லை. இதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. பெரியம்மாவின் கூடத்தில் இருந்த சத்தம் ஒரு மாலையோடு முடிந்தது. நம்முடையது படுக்கை வரை வருகிறது.

மாலை மணவூரில் இறங்கியதும் நான் உடனே வீட்டுக்குக் கிளம்புவதில்லை. வண்டியும் கூட்டமும் போகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். செல்போன் பைக்குள். அன்று பேசியதில் எது உறுத்துகிறது, யாருக்குச் சொல்ல வேண்டியது சொல்லாமல் நிற்கிறது என்று அதுவாக மேலே வரும். வந்ததை ஒரு நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வேன். கோபமான செய்திகளுக்கு இரவில் பதில் எழுதுவதில்லை, காலையில் பல் துலக்கிய பிறகுதான். பாதிச் செய்திகளுக்குப் பதிலே தேவையில்லை என்று அப்போது தெரியும்.

எல்லாக் கேள்விக்கும் பதில் வந்துவிடுவதில்லை. வயதான அம்மாவை என்னோடு வைத்துக்கொள்வதா, அவள் பிடிவாதமாகக் கேட்கிறபடி கிராமத்து வீட்டிலேயே விடுவதா என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே ஒரு சொல் இல்லை. அதுவரை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன், கால் பிடித்துவிடுகிறேன், மாத்திரை தீர்ந்திருந்தால் வாங்கி வைக்கிறேன்.