கூலி முந்துமா, தர்மம் முந்துமா?

சில வாரங்களுக்கு முன் ஓர் இளைஞர் நம்மைத் தேடி வந்தார். படித்தவர், ஒழுக்கமானவர். ஓர் இந்துச் சகோதரரோடும் ஒரு கிறிஸ்தவச் சகோதரரோடும் கூட்டுச் சேர்ந்து, பத்தமடைப் பாய்களை நகரங்களில் விற்கும் சிறு தொழிலைத் தொடங்கியிருக்கிறார். இலாபத்தில் பத்தில் ஒரு பங்கு ஏழைக் குழந்தைகளின் படிப்புக்குச் செல்கிறது என்று ஒவ்வொரு பாயோடும் ஒரு சீட்டு இணைத்திருக்கிறார்கள். "ஹஜ்ரத், இது எங்களுக்கு ஸதகாவாக எழுதப்படுமா?" என்பதே அவருடைய கேள்வி.

கேள்வி நமக்கு மகிழ்ச்சி தந்தது. கைத்தொழிலை இஸ்லாம் இழிவாகக் கருதியதே இல்லை. தாவூத் (அலை) அவர்கள் இரும்பை வளைத்துக் கவசம் செய்தார்கள். ஜக்கரிய்யா (அலை) அவர்கள் தச்சு வேலை செய்தார்கள். அப்படியிருக்க, தொழிலையும் நன்மையையும் சேர்த்து நினைக்கும் இளைஞர்களை நாம் ஏன் பாராட்டக் கூடாது?

ஆயினும் பதில் சொல்லும் முன் நாம் ஒரு கேள்வி கேட்டோம்: "தம்பி, பாய் முடைந்த பெண்ணுக்கு என்ன கொடுத்தீர்கள்?"

அவர் சற்றுத் தயங்கி, "அவர்கள் கேட்டதைக் கொடுத்தோம். சம்மதித்துத்தான் வாங்கிக்கொண்டார்கள்" என்றார்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் அந்தப் பாயை முடைகிறவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்துப் பெண்கள். தாமிரபரணிக் கரையின் கோரையை ஊறவைத்து, காயவைத்து, மயிரிழை போலக் கீறி, பருத்தி அல்லது பட்டு நூல் பாவில் கோத்து முடைகிறார்கள். உயர்ந்த பாயில் 100 முதல் 140 பாவு வரை ஓடும். வாங்குகிற வியாபாரி பாவை எண்ணுகிறார். இழையைத் தடவிப் பார்க்கிறார். ஒரு பிசிறு இருந்தாலும் விலையைக் குறைக்கிறார். அந்தப் பெண் தரையில் குந்தியிருந்த நாட்களை மட்டும் அவர் எண்ணுவதில்லை. தனக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகவும், பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைவாகவும் செய்கிறவர்களைத் திருமறையின் 83ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறதே, அது தராசுக்கு மட்டுமா சொல்லப்பட்டது? உழைப்பை அளக்கும் அளவைக்கும் அது பொருந்தாதா?

"சம்மதம்" என்றார் அந்தச் சகோதரர். வியாபாரத்துக்கு இருசாராரின் திருப்தி நிபந்தனை என்பது உண்மை. ஒப்பந்தம் செல்லாது என்று நாம் ஃபத்வா கொடுக்கவில்லை. ஆனால், கிராமத்திலிருந்து சரக்குக் கொண்டு வரும் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே மறித்து, சந்தை விலை அவர்களுக்குத் தெரியும் முன் வாங்கிவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின் விற்பனையை ரத்துச் செய்யும் உரிமையையும் அவருக்குக் கொடுத்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அந்த வியாபாரியும் சம்மதித்துத்தானே விற்றார்? விலையை அறியாத சம்மதம் முழுச் சம்மதம் ஆகாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். வாசல் தாண்டாத அந்தப் பெண்ணுக்குத் தன் பாய் நகரத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று யார் சொன்னார்கள்?

அடுத்து, தர்மம். கூபா நகரில் பட்டு வணிகம் செய்த இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் சம்பவம் யாவரும் அறிந்ததே. குறையுள்ள துணி ஒன்றைக் கூட்டாளியிடம் கொடுத்து, குறையைச் சொல்லி விற்கும்படி பணித்தார்கள். அவர் மறதியாகச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. உடனே இமாமவர்கள் அந்தச் சரக்கின் கிரயம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். இதைக் கேட்டுவிட்டு, "தவறு நேர்ந்தால் தர்மம் செய்தால் போதும்" என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல! உரியவரைக் கண்டுபிடிக்க முடியாதபோதுதான் அந்த வழி. உரியவர் தெரிந்திருந்தால் அவரிடமே சேர்ப்பிக்க வேண்டும். பாய் முடைந்தவரின் வீடு தெரியும், தெருவும் தெரியும். அவருக்குச் சேர வேண்டியதை எங்கோ உள்ள குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, அதைச் சீட்டிலும் அச்சடித்தால், அதில் ரியாவும் கலந்துவிடாதா?

மற்றச் சமூகத்தார் இதில் நமக்குப் பாடம் சொல்லுமளவுக்கு நடந்திருக்கிறார்கள். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்கள் முதலிய 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் போட்டுக் கடை திறந்தார்கள். கலப்படம் மலிந்திருந்த காலத்தில் கலப்படமில்லாத மாவும் வெண்ணெயும் விற்று, இலாபத்தை வாங்கியவர்களுக்கே பங்கிட்டார்கள். 1959இல் பம்பாய் கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். நன்கொடை வேண்டாம் என்றார்கள். அப்பளம் இடுகிறவளே உடைமைக்காரி என்று விதி வகுத்தார்கள். அதுவே லிஜ்ஜத். இன்று பல்லாயிரம் பெண்கள் அதில் பங்குதாரர்கள். இந்த இரு சாராரும் தர்மத்திலிருந்து தொடங்கவில்லை; நேர்மையான அளவையிலிருந்து தொடங்கினார்கள்.

இளைஞர் நீண்ட நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "கூலியை உயர்த்தினால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சாது ஹஜ்ரத். விலையை ஏற்றினால் ஜனங்கள் பிளாஸ்டிக் பாயை வாங்கிப் போய்விடுவார்கள்" என்றார். அவருடைய நெருக்கடி பொய்யல்ல. சிறு முதலில் தொழில் செய்கிறவரின் கஷ்டத்தை நாம் அறியாதவரும் அல்லர்.

நாம் சொன்னது இதுதான்: விற்கும் விலையை முடைகிறவருக்கு மறைக்காமல் சொல்லுங்கள். அதை அறிந்தபின் அவர் கேட்பதே கூலி. அதைக் கொடுத்தபின் மிஞ்சினால் தர்மம் செய்யுங்கள். மிஞ்சாவிட்டால் சீட்டை எடுத்துவிடுங்கள். ஸதகா செய்யாததற்காக அல்ல, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காததற்காகவே மறுமையில் அல்லாஹ் ஒருவனுக்கு எதிராக நிற்பான் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது.

விற்கிறவர்களுக்கு மட்டுமா இது? பேரம் பேசி வாங்கும் நாமும் அந்தக் கூலியைக் குறைப்பவர்களில் சேர்ந்துவிடுகிறோம் என்பதை மறந்துவிடலாகாது.

உரியவருக்கு உரியதை முதலில் கொடுக்கும் நற்பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.